கிளாருஸ்காரருக்காக உயர்ந்த கை

இஞ்சாருங்கோ,

உயிரோடு இருக்கும்போது உங்களை நான் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. இப்போது பெயர் சொல்லித் தொடங்கினால் யாரோ ஒரு ஆளுக்கு எழுதுகிற மாதிரி இருக்கும். சுகம் விசாரிக்கவும் வழியில்லை. ஆகவே நேராகச் செய்திக்கு வருகிறேன்.

நீங்கள் போன பிறகு நான் பிள்ளைகளோடு லண்டனுக்கு வந்துவிட்டேன். குட்மேய்ஸில் மகள் ஜெனியோடு இருக்கிறேன். மகன் டெனிஸ் தோர்ண்டன் ஹீத்தில். ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது யாராவது புதியவர் கேட்பார்.

"நீங்கள் சுவிஸில எவடம்?"

"கிளாருஸ்."

"அது சூரிச்சில எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்விக்கு உங்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எனக்கு வருவதில்லை. உங்கள் பாடத்தை அப்படியே ஒப்புவிப்பேன். கிளாருஸ் தனி மாநிலம்; அங்கே கன்டோன் என்பார்கள். லிந்த் என்று ஒரு ஆறு, இரண்டு பக்கமும் சுவர் மாதிரி மலை, நடுவில் கிடைத்த இடத்தில் சனம். தெற்கே போகப்போகப் பள்ளத்தாக்கு ஒடுங்கும், கடைசியில் டோடி மலை வந்து மறித்துக்கொண்டு நிற்கும். எல்ம் என்ற ஊரில் மலையிலேயே ஒரு ஓட்டை. வருடத்தில் சில காலைகளில் மட்டும் சூரியன் அதற்குள்ளால் புகுந்து கோயில் கோபுரத்தில் விழும். ஒரு காலத்தில் துணிக்கு அச்சுப்போட்டு ஆசியா வரைக்கும் அனுப்பிய மாநிலம் அது. அப்படி மிஞ்சியிருந்த ஒரு ஆலையில்தான் என் மனிசன் வேலை செய்தார் என்று முடிப்பதற்குள், கேட்டவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கார் எடுக்கப் போயிருப்பார்.

பச்சைச் சீஸைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்வதில்லை. வெந்தயம் மணக்கிற சீஸ் என்றால் நான் கதை விடுகிறேன் என்று நினைப்பார்கள். நீங்கள் அதைப் பாணில் துருவிப் போட்டு, மேலே சம்பலும் வைத்துச் சாப்பிட்ட ஆள் என்பதைச் சொன்னால் நம்பவே மாட்டார்கள்.

மிளகாய் வறுத்த கதையைச் சொன்னால் மட்டும் எல்லோரும் சிரிப்பார்கள். வீட்டுக்குள் வறுத்தால் மேல்மாடிக்காரர் தும்முவார் என்று, பின்வளவில் கரி அடுப்பு மூட்டி மிளகாய்த்தூளுக்கு வறுத்தேனே. அன்றைக்குப் பார்த்துத் தெற்கிலிருந்து அந்தச் சூட்டுக்காற்று, ஃபோன் என்று அங்கே சொல்வார்களே, அது அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றுக்கு வெளியில் நெருப்பு மூட்டக் கூடாது என்று எனக்கு யார் சொன்னது? பக்கத்து வீட்டுக்காரி வாளித் தண்ணியோடு ஓடிவந்து அடுப்பில் கொட்டினாள். மிளகாயும் போயிற்று. நீங்கள் வேலையால் வந்து, அவள் பக்கம் சேர்ந்துகொண்டு, "இந்தக் காத்தாலதான் முந்தி நகரமே எரிஞ்சது, தெரியுமோ?" என்று எனக்கு வகுப்பு எடுத்தீர்கள். அன்றைக்கே நீங்கள் கிளாருஸ்காரர் ஆகிவிட்டீர்கள். பாஸ்போர்ட் பிறகுதான் வந்தது.

பாஸ்போர்ட் வந்ததும் மே மாதத்து முதல் ஞாயிறு உங்களுக்குப் பெருநாள் ஆகிவிட்டது. மாநிலம் முழுக்க ஒரு சதுக்கத்தில் கூடி, சட்டத்துக்குக் கை தூக்குகிற நாள். வாக்குப் பெட்டி கிடையாது. தலைவர் மேடையில் நின்று கண்ணால் பார்த்து எந்தப் பக்கம் கூடுதல் என்று சொன்னால் அதுதான் முடிவு. மழை என்றாலும் போவீர்கள். உங்கள் அண்ணை லண்டனிலிருந்து "இஞ்சால வா, கடை போடலாம்" என்று கூப்பிட்டபோது, "இஞ்ச எனக்கு ஒரு கை இருக்கு, அங்க என்ன இருக்கு?" என்று கேட்டவர் நீங்கள். ஒருமுறை எனக்குக் காய்ச்சல். "எனக்கும் சேர்த்துத் தூக்குங்கோவன்" என்றேன். "வந்து நிக்காத ஆக்களுக்கு வாக்கில்லை" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். கஞ்சிகூட வைத்துத் தரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன குளிர்காலத்தில் ஜெனிக்குக் கிளாருஸிலிருந்து போன் வந்தது. அங்கே கல்லறையைக் குறிப்பிட்ட வருடங்களுக்குத்தான் தருவார்களாம்; உங்களுடையதற்குரிய காலம் முடிந்துவிட்டதாம். கல்லை எடுத்துவிட்டுப் புல் போடுவார்களாம். நமக்கு இது எப்படிப் புரியும்? யாழ்ப்பாணத்தில் சேமக்காலையில் புதைத்தால் புதைத்ததுதான். ஜெனி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாம் விசாரித்தாள்.

"அம்மா, பேர்மிஷன் எடுத்தா அப்பாவை இஞ்ச கொண்டு வரலாமாம். நாங்கள் ரெண்டு பேருக்கான இடமா வாங்குவம். பிறகு நீங்களும் அப்பாவோட..."

மிச்சத்தை அவள் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்: எனக்கு அது பிடித்திருந்தது. இத்தனை வருடம் தனியாகப் படுத்தாயிற்று. கடைசியிலாவது பக்கத்தில் கிடக்கலாம் என்று ஆசை வந்தது. வராதா?

ஒருமுறை உங்களைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று கிளாருஸுக்குப் போனேன். ஜெனிக்கு லீவு கிடைத்தது மே முதல் வாரம். ஆலை இருந்த கட்டடத்தில் இப்போது வீடுகள். உங்களுக்கு ஒரு செய்தி: இரண்டு டசின் ஊராட்சிகளாகக் கிடந்த மாநிலத்தை, நீங்கள் போன பிறகு, மூன்றே மூன்றாக்கிவிட்டார்கள். அதுவும் அதே சதுக்கத்தில், கை தூக்கித்தான். பதினாறு வயதுப் பிள்ளைகளும் இப்போது கை தூக்கலாம். இதையெல்லாம் தவறவிட்டதற்கு நீங்கள் இரண்டு நாள் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள்.

நான் வெளிநாட்டில் இருக்கிறவள், அந்த மாநிலத்தில் எனக்குக் கை இல்லை. அந்த ஞாயிறு, சதுக்கத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தேன். கேள்வி கேட்டவுடன் வாக்கு அட்டையோடு அத்தனை கையும் மேலே போயிற்று. அடுத்த பக்கத்துக்கும் அவ்வளவு போயிற்று. தோற்ற ஆட்கள் கையை இறக்கிவிட்டு, பிறகு வென்ற ஆட்களோடேயே நின்று கன்றிறைச்சிச் சோசேஜ் சாப்பிட்டார்கள்.

மறுநாள் கல்லறைக்குப் போனோம். உங்கள் கறுப்புக் கல்லில் தமிழ் எழுத்து இன்னும் தெளிவாக இருந்தது. உங்கள் வரிசை முழுவதும் எடுக்கப்படப் போகிறது. கணக்கு வாத்தியார், பேக்கரிக்காரர், எங்கள் அடுப்பில் தண்ணி ஊற்றிய அந்த அம்மா, எல்லோரும். தோட்டக்காரரிடம் உடைந்த ஜெர்மனில் கேட்டேன், கல்லை எடுத்தால் ஆளை என்ன செய்வீர்கள் என்று. அவர் ஒன்றும் செய்வதில்லை என்றார். மண்ணைத் தொடமாட்டார்களாம். "அவர் இங்கேதான் இருப்பார். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இதே முறைதான்."

எங்கள் ஆட்கள் என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் சரியாகத்தான் விளங்கியதா என்று ஜெனியிடம் இரண்டு தரம் கேட்டுக்கொண்டேன்.

குட்மேய்ஸுக்குத் திரும்பிய ஞாயிறு டெனிஸையும் வரச் சொன்னேன். சாப்பிட்டு முடிந்ததும், "அப்பாவின்ர முறையில கேக்கிறன். அவரை இஞ்ச கொண்டு வாறதுக்கு ஆர் ஆர் கை தூக்கிறீங்கள்?" என்றேன்.

ஜெனி உடனே தூக்கினாள். டெனிஸ் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

"அம்மா, நீங்கள் தூக்கேல்லையோ?" என்றாள் ஜெனி. "உங்களுக்காகத்தானே நான் இவ்வளவும்..."

"தெரியும் பிள்ளை. இப்ப, அவர் அங்கயே இருக்கட்டும் எண்டுறதுக்கு ஆர்?"

என் கை மேலே போயிற்று. டெனிஸ் கொஞ்சம் பொறுத்துத் தூக்கினான். ஜெனி தன் கையை இறக்கினாள். எழும்பிப் போகவில்லை. என் பக்கத்துக் கதிரைக்கு வந்து இருந்துகொண்டு, "அப்ப உங்களை எங்க வைக்கிறது?" என்று கேட்டாள். "இஞ்சதான். நீங்கள் ரெண்டு பேரும் பஸ்ஸில வரக்கூடிய இடமாப் பாத்து வையுங்கோ" என்றேன்.

ஆக, நீங்களும் நானும் சேர்ந்து கிடக்கப் போவதில்லை. வருத்தம்தான், இல்லை என்று சொல்லவில்லை. கல் எடுத்த பிறகு மே முதல் ஞாயிறுகளில் முழங்கால் விடுகிற வரைக்கும் வருவேன். கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, உங்கள் புல்லுக்கும் வந்துவிட்டுப் போவேன். இது வாக்கு.

இன்னொன்று. வந்து நிற்காத ஆட்களுக்கு வாக்கில்லை என்ற உங்கள் சட்டத்தை அன்றைக்கு மீறிவிட்டேன். எனக்கு உங்கள் பக்கத்தில் கிடக்கத்தான் ஆசை. மேசையில் நான் தூக்கியது உங்கள் கையை.

கஞ்சி வைத்துத் தராதவரின் மனிசி,
ஜெனி, டெனிஸின் அம்மா