வேலியோரத்துக் கூட்டம்

ஜனவரி 18, ஞாயிறு
பீங்கான் ஃபியூஸ் கட்டை விக்கிற என்னிடம் பைக் ரேஸை விற்கச் சொல்லிவிட்டார்கள்! பதினோரு வருஷமாக வேப்பூர் பக்கத்தில் மண்ணில் நடக்கிற ரேஸ். போன தடவை ஓட்டியவர்களின் சொந்தக்காரங்கதான் கூட்டமே. கிளப் தலைவர் கோதண்டபாணி சார், "விளம்பரம், ஸ்பான்சர் எல்லாம் இனிமே நீங்க பாருங்க ஆன் மேரி" என்றார். சரி என்று வாய் சொல்லிவிட்டது.

ஜனவரி 25
கருவேப்பிலங்குறிச்சி டீக்கடைக்காரரிடம் ஏன் ரேஸுக்கு வர்றதில்லை என்று கேட்டேன். "ஹெல்மெட்டு போட்டா எல்லாம் ஒரே ஆளுதாங்க. யாருக்குன்னு கை தட்டுறது?"
இதுதான் விஷயம். வண்டியில் பெயரும் ஊரும் பெரிசாக எழுதணும். ரேஸுக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஓட்டுறவங்க ஜனங்களோட நிக்கணும்.

பிப்ரவரி 3
டிராக்டர் ஷோரூம் விருத்தகிரி மொத்தச் செலவும் ஏற்கிறாராம். ஆனால் ஓடுபாதையை ஒட்டின முன்வேலி முழுக்க அவர் விருந்தாளிகளுக்கு. ஜனங்க தூரத்து மேட்டில். கோதண்டபாணி சார் தலையாட்டிவிட்டார். மேட்டிலிருந்து பார்த்தால் புழுதிதானே தெரியும்?

பிப்ரவரி 4
விருத்தகிரியிடம் போய் முடியாதுங்க என்று நானே சொல்லிவிட்டு வந்தேன். "உங்க பேரு எல்லா வண்டியிலயும் இருக்கும். முன்வேலி மட்டும் ஜனங்களுக்கு." யோசிக்கிறேன் என்றார். கோதண்டபாணி சார் கோபத்தில் என்னிடம் பேசவில்லை. கெடுத்துட்டேனா?

பிப்ரவரி 7
விருத்தகிரி போன். "எங்கிட்ட டிராக்டர் வாங்குறவங்களும் வேலியோரத்துல நிக்கிறவங்கதானேம்மா. நடத்துங்க."

பிப்ரவரி 22
ரேஸ் முடிந்தது, கத்திக் கத்தித் தொண்டை போச்சு. நல்லூரிலிருந்து மட்டும் நாலு வேன். ரேஸ் ஓட்டுகிற அந்த ஊர்ப் பொண்ணு துர்காவின் வண்டியில் 'நல்லூர்' என்று பார்த்ததும் பொம்பளைங்க வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். போன வருஷம் பாதியில் விழுந்தவள், இந்த வருஷம் ரெண்டாவது! மைக்கில் கோதண்டபாணி சார், "வர்றா பாரு, வர்றா பாரு" என்பதைத் தவிர ஒண்ணும் சொல்லவில்லை. தலையெல்லாம் மண். மூணு தடவை குளித்தேன்.

மார்ச் 1
சார் வீட்டுக்கே வந்தார், பழைய நோட்டோடு. இதுவரை ஜெயித்தவர்களின் பெயர்களை நுழைவாசலில் எழுதணுமாம். "இவங்களை யாருக்கும் தெரியாமப் பண்ணிட்டேன்" என்றார். ரெண்டாம் வருஷம் ஜெயித்த மாயவன் இப்போது லாரி ஓட்டுகிறார். நம்பரைத் தேடிப் பிடித்து சார்தான் பேசினார். "நான் ஜெயிச்சது ஞாபகம் இருக்குதாங்க?" என்று அந்தப் பக்கம் கேட்க, சார் போனை என்னிடம் நீட்டிவிட்டார்.
"அடுத்த ரேஸுக்கு நீங்கதாண்ணே கொடி அசைக்கணும்" என்றேன்.
"தேதி சொல்லுங்க தங்கச்சி. லோடு ஏத்தாம வர்றேன்."