யார் முதலில் போதும் என்பது

அக்டோபர் 6, ஞாயிறு

காலையில் மகள் மினோரி போன் செய்தாள். அவள் கட்டிக்கொள்ளப்போகும் ரியோஜியின் அப்பா இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து விருந்துக்கு இடம் பிடித்துவிட்டாராம். மெகுரோவில், கோழியைக் குச்சியில் கோத்துக் கரி அடுப்பில் சுட்டுத் தரும் பெரிய கடை. மாதக்கணக்கில் காத்திருந்தால்தான் உட்கார இடம் கிடைக்குமாம். கல்யாணப் பேச்சு எடுத்த பிறகு இரண்டு வீட்டாரும் முதன்முதலாக முகம் பார்க்கப்போகிறோம். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

"ஏண்டி, ஊர்ல வேற கடையே இல்லையா?" என்றேன்.

"நான் என்னம்மா பண்றது? எங்கப்பாவுக்குக் கோழின்னா உயிர்னு எப்பவோ ரியோஜிகிட்ட சொல்லியிருந்தேன். ஆபரேஷனுக்கு முன்னாடி. அதைப் போய் அவங்கப்பாகிட்ட சொல்லியிருக்காரு."

என் வீட்டுக்காரருக்குக் கோழி என்றால் உயிர்தான், அது உண்மை. ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் நின்றுகொண்டே குச்சி குச்சியாகத் தின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து ராத்திரிச் சாப்பாடும் சாப்பிடுகிற மனிதர். இரண்டு வருஷத்துக்கு முன்பு புற்றுநோய் என்று வயிற்றில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்துவிட்டார்கள். இப்போது கைப்பிடி கைப்பிடியாக, நாள் முழுக்கப் பிரித்துச் சாப்பிடுகிறார். கொஞ்சம் வேகமாகச் சாப்பிட்டாலும் வியர்த்து ஊற்றும், நெஞ்சு படபடக்கும், படுத்துவிடுவார்.

இது வெளியில் ஒருவருக்கும் தெரியாது. ரியோஜிக்குக் கூடத் தெரியாது.

"கல்யாணம் முடியற வரைக்கும் யாரும் மூச்சு விடக்கூடாது. புத்துநோய்க்காரன் பொண்ணுன்னு பேர் வாங்கிக்கிட்டு அவ அந்த வீட்டுக்குள்ள போக வேண்டாம்" என்கிறார். எந்தக் காலத்தில் இருக்கிறார் இந்த மனிதர்? அப்படிச் சத்தம் போட்டேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான். அந்த வீட்டார் எப்படிப்பட்டவர்கள் என்று நமக்கு என்ன தெரியும்?

அக்டோபர் 9, புதன்

இன்றும் கேட்டுப் பார்த்தேன். சொல்ல மாட்டாராம். டாக்டர் வயிற்றை மட்டும்தான் வெட்டினார், வீம்பை அப்படியே விட்டுவிட்டார்.

அக்டோபர் 17, வியாழன்

ஒரு வழி செய்திருக்கிறேன். அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்துகொள்வது. யாரும் பார்க்காத நேரத்தில் அவர் குச்சியை நான் எடுத்துக்கொண்டு, காலிக் குச்சியை அவர் தட்டில் வைத்துவிடுவது. அதற்காக நாளை மறுநாள் விருந்தன்று மதியம் நான் சாப்பிடப் போவதில்லை. மினோரி கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

அக்டோபர் 19, சனி

வந்தாயிற்று. அவர் படுத்துவிட்டார். என்னோடு பேசவில்லை. எழுதினால்தான் மனசு அடங்கும்.

என் ஏற்பாடு உட்காரும்போதே கெட்டது. அடுப்பை ஒட்டிய நீளமான வெள்ளை மரப் பலகைக்கு முன்னால் எல்லோரும் ஒரே வரிசை. ரியோஜி அப்பாக்கள் இரண்டு பேரையும் நடுவில் உட்கார வைத்து, மாமனாரை நான்தான் கவனிப்பேன் என்று இவருக்குப் பக்கத்தில் தானே உட்கார்ந்துகொண்டான். நல்ல பிள்ளைதான், ஆனால் அந்த நிமிஷம் அவன் காதைத் திருகலாம் போலிருந்தது. அவனுக்கு அடுத்து மினோரி, கடைசி மூலையில் நான். அந்தப் பக்கக் கடைசியில் ரியோஜியின் அம்மா தமாயே.

அடுப்புக்காரர் விசிறியைக் கையில் எடுத்துக்கொண்டு, "போதும்னு நீங்க சொல்ற வரைக்கும் வந்துகிட்டே இருக்குங்க" என்றார். இதுதான் இந்த மாதிரிக் கடைகளில் வழக்கம், எப்படி மறந்தேன்?

முதலில் நெஞ்சுக்கறி, மேலே மட்டும் சூடு காட்டி, பச்சை நிறக் கார விழுது தடவியது. இவர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். எவ்வளவு நாளாயிற்று அந்த முகத்தைப் பார்த்து! அடுத்து ஈரல். அதுவும் போகட்டும். பிறகு தோல், கொழுத்த வால், தொடை என்று வந்துகொண்டே இருந்தது. குச்சியிலிருந்து உருவித் தட்டில் போட்டு ஒதுக்கவும் முடியாது. சுட்டவர் கண்ணெதிரில் நின்று பார்க்கிறார், அவரை அவமதித்த மாதிரி ஆகும். சூடு ஆறும்வரை வைத்திருக்கவும் முடியாது.

ரியோஜியின் அப்பா செகாவா மண் வாரும் இயந்திரங்களை வாடகைக்கு விடுபவர். ஆளும் அந்த இயந்திரம் மாதிரிதான். ஒவ்வொரு கடிக்கும் ஒரு வாய் பீர் குடித்து உள்ளே தள்ளினார்.

"எப்படி சார், பிடிச்சிருக்கா?"

"பிரமாதம். நீங்க?"

"எனக்கென்ன, நீங்க சாப்பிடற வரைக்கும் நானும் சாப்பிடுவேன்!"

பாவி மனிதா, நிறுத்தேன் என்று மனசுக்குள் கத்தினேன். நான் குனிந்து குனிந்து இவரையே பார்த்தேன். காதுக்குப் பின்னால் வியர்வை கோடு போட்டு இறங்கியது. உதடு வெளுத்திருந்தது. மினோரி என் கையைப் பிடித்து அழுத்தினாள். அப்போது இன்னும் முட்டையாகாத மஞ்சள் கருவைக் கறியோடு கோத்த குச்சி வந்தது. இவர் அதை எடுக்கிறார், மஞ்சள் கரு ஆடுகிறது.

எழுந்துவிட்டேன்.

"போதும்! அவருக்குப் போதும்! அவருக்கு வயித்துல மூணுல ஒரு பங்குதாங்க இருக்கு. புத்துநோய் வந்து எடுத்துட்டாங்க."

சொல்லிவிட்டேன். எல்லோர் முன்னாலும். அடுப்புக்காரரின் விசிறி நின்றது. ரியோஜி மினோரியைப் பார்த்தான், அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இவர் குச்சியைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

செகாவா மெதுவாகத் தன் குச்சியையும் கீழே வைத்து நெற்றியைத் துடைத்தார்.

"அப்ப... எனக்கும் போதுங்க. எனக்குக் கோழியே ஆகாது."

"என்னது?" என்றார் இவர்.

"எங்கப்பா கோழிப்பண்ணை வச்சிருந்தாரு. சின்ன வயசுல மூணு வேளையும் அதான். அந்த வாசனை பட்டாலே குமட்டும். கூப்பிட்டவன் நான், நீங்க சாப்பிட்டுக்கிட்டே இருக்கறப்ப எப்படிங்க போதும்னு சொல்றது?"

"கூப்பிட்டவர் சாப்பிட்டுக்கிட்டே இருக்கறப்ப நான் எப்படிங்க சொல்றது?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மினோரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. செகாவா அவசரமாக எழுந்து அடுப்புக்காரரை நோக்கி, "உங்களைச் சொல்லலைங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்று இடுப்பு வரை வளைந்து கும்பிட்டார். அடுப்புக்காரரே சிரித்துவிட்டார்.

தமாயே சிரிக்கவில்லை. முகம் கல்லாகிவிட்டது. கடைசியில் கோழி ரசம் வந்தது, குடித்தார். வாசலில் குனிந்து விடைபெற்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

நான்தான் கெடுத்தேன். வேறு என்ன செய்திருக்க முடியும்? அங்கேயே சரிந்து விழுந்திருப்பாரே!

அக்டோபர் 20, ஞாயிறு

பேசவில்லை. கஞ்சி வைத்தேன், குடித்தார். மினோரியும், "ரியோஜி அம்மா வீட்டுலயும் யார்கூடவும் பேசலையாம்மா" என்கிறாள். ரியோஜி ஒன்றும் பாதகமில்லை என்கிறானாம். அம்மா வேண்டாம் என்றால் அவன் என்ன செய்வான்?

அக்டோபர் 22, செவ்வாய்

போன் அடித்தால் திக்கென்கிறது. அடிக்காவிட்டாலும் திக்கென்கிறது.

அக்டோபர் 24, வியாழன்

தமாயே அழைத்தார்! முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தேன். பெயரைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் எடுத்தேன்.

"முப்பது வருஷங்க!" என்று ஆரம்பித்தார். வணக்கம்கூட இல்லை. "ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முழுக்கோழி வாட்டி வைப்பேன். 'ஆகா, உன் கைக்குத் தங்கக்காப்பு போடணும்'னு தின்னுட்டு, இப்ப எங்க ஆளுக்குக் கோழியே ஆகாதாம்! அதையும் உங்க முன்னாடிதான் நான் தெரிஞ்சுக்கணுமா? அன்னைக்கு வாயைத் திறந்தா அங்கயே சண்டை வந்திருக்கும். அதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப... எங்க வீட்டுக்காரர் விஷயம்..." என்று இழுத்தேன்.

"ஆமா, அதுக்குத்தான் கூப்பிட்டேன். அவருக்கு என்னென்ன ஒத்துக்கும்? மண்டபத்துல முன்னாடியே சொல்லி வைக்கணும். சின்னச் சின்னதா பரிமாறச் சொல்லலாம். ஏங்க, நீங்க ஒரு போன்கூடப் பண்ணலையே? எங்க ஆளு கோழியை அப்படிச் சொன்னதுல கோவிச்சுக்கிட்டு, பொண்ணு தரமாட்டேன்னுடுவீங்களோன்னு பயந்தே போயிட்டேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கோவிச்சுக்கிறதா, நாங்களா? நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கிய மாதிரி இருந்தது. அந்த அம்மாவை அங்கேயே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. என் பங்குக்கு நானும் இவரைப் பற்றிக் கொஞ்சம் திட்டினேன். இரண்டு பேருக்கும் நன்றாகப் பொழுது போயிற்று.

போனை வைத்ததும் இவர் சமையலறை வாசலில் நிற்கிறார்.

"என்னவாம்?"

சனிக்கிழமைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. சொன்னேன். கேட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து மீதி முள்ளங்கியை நறுக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றும் ஒரு தடிமன். அப்படியே அள்ளிச் சட்டியில் போட்டேன்.

நவம்பர் 24, ஞாயிறு

இகாஹோ, வெந்நீர் ஊற்று விடுதி. சம்பந்திகள் இருவரும் நாங்கள் இருவரும் மட்டும் வந்திருக்கிறோம். செகாவா கூப்பிட்டபோது இவர் மறுப்பார் என்றே நினைத்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு பொதுக் குளியல் பக்கமே போனதில்லை. வீட்டில் குளிக்கும்போதும் கதவைத் தாழ் போட்டுக்கொள்வார், வயிற்றில் வெட்டிய தழும்பை எனக்கே காட்டமாட்டார். சாயங்காலம் செகாவா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க சம்பந்தி" என்றதும் இவர் எழுந்து கூடவே போய்விட்டார்.

பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். தமாயே எனக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தார். செகாவாவின் குரல் இந்தப் பக்கம் வரை கேட்டது.

"அடேயப்பா, இவ்வளவு நீளமா! தொப்புள் வரைக்கும் வருதே!"

"தொப்புளைச் சுத்திக்கிட்டுப் போகுது பாருங்க. வெளிச்சத்துல வந்து நல்லாப் பாருங்க." என் வீட்டுக்காரரின் குரல்தான்.

"இந்த ஆம்பளைங்களுக்கு வெக்கமே கிடையாது" என்றார் தமாயே.

நான் வாய்விட்டு அழுதேன். தமாயே தேய்த்துக்கொண்டே இருந்தார்.

நாங்கள் குளித்து முடித்து வெளியே வந்து வெகுநேரம் ஆகியும் அவர்கள் வரவில்லை. உள்ளே இன்னும் பேச்சுச் சத்தம், இந்த முறையும் யாரும் முதலில் போதும் என்று சொல்லவில்லை போலிருக்கிறது. கூடத்தில் உட்கார்ந்து காத்திருந்தோம்.