இரண்டு கல்லூரிகளுக்கு ஒரே எலும்புக்கூடு

அனுப்புநர்
உடற்கூறியல் விரிவுரையாளர்,
இயன்முறை மருத்துவக் கல்லூரி, பழைய வளாகம்.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
உயர்கல்வித் தர அங்கீகாரக் குழுமம்.

பொருள்: ஒரே எலும்புக்கூட்டைக் காட்டி இரண்டு கல்லூரிகள் தர அங்கீகாரம் பெற்றது – முன்னறிவிப்பின்றி மறுஆய்வு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பழைய வளாகத்தில் பாடம் நடத்துகிறேன். என் மகள் அதே நிர்வாகத்தின் புதிய வளாகக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தாய் பாடம் நடத்தும் வகுப்பில் மகள் உட்கார வேண்டாமென்று நான்தான் அங்கே சேர்த்தேன்.

2. எங்கள் ஆய்வகத்து எலும்புக்கூட்டுக்கு மாணவர்கள் வைத்த பெயர் "சித்தப்பா". செய்முறைத் தேர்வுக்கு முன் ஒவ்வொருவரும் அதன் வலது கையைக் குலுக்கிவிட்டுத்தான் உட்காருவார்கள். அதனால் அந்தக் கை மட்டும் அழுக்கேறிக் கறுத்திருக்கும். அதில் கழன்ற சுண்டுவிரலைச் செப்புக் கம்பியால் கட்டியவள் நான்.

3. தங்கள் ஆய்வுக் குழு வந்தபோது மாணவி ஒருத்தி இந்த வழக்கத்தைச் சொன்னாள். குழுத் தலைவர் சிரித்து, "எனக்கும் இன்னிக்குப் பரீட்சைதாம்மா" என்றபடி சித்தப்பாவின் கையைக் குலுக்கினார். அன்று அவரை எனக்குப் பிடித்திருந்தது.

4. மறுநாள் சித்தப்பாவைப் பழுதுபார்க்க எடுத்துப் போனார்கள். என்ன பழுது என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அதே குழு புதிய வளாகத்துக்கு வந்தது. பெற்றோர் கூட்டத்துக்கு நானும் அழைக்கப்பட்டிருந்தேன். போகும் வழியில் ஆய்வகக் கதவு திறந்திருந்தது. புதுப் பெயின்ட் வாடை. நடுவே கறுத்த கையுடன் சித்தப்பா. எதிரே நின்று குழுத் தலைவர் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். இந்த முறை கை கொடுக்கவில்லை.

5. கூட்டம் முடிந்ததும் ஆய்வகப் பொறுப்பாளரிடம் கேட்டேன். "எலும்புக்கூடுன்னா எல்லாம் ஒரே ஜாடையாத்தான் மேடம் இருக்கும்" என்றார். செப்புக் கம்பியைக் காட்டினேன். "உங்க பொண்ணு இங்கதானே படிக்குது?" என்று அக்கறையாக விசாரித்தார்.

6. இப்போது சித்தப்பா எங்களிடம் திரும்பிவிட்டார், விலா எலும்பில் புதிய வளாகத்தின் இருப்பு எண் சீட்டுடன். அவசரத்தில் கிழிக்க மறந்திருக்கிறார்கள். இரு கல்லூரிகளுக்கும் உயர்தரச் சான்று கிடைத்துவிட்டது. மகளின் ஆய்வகம் பூட்டியே கிடக்கிறது. அடுத்த பருவத்தில் அவள் மருத்துவமனைப் பயிற்சிக்குப் போய் நோயாளிகளைத் தொட வேண்டும். சென்ற ஞாயிறு என் தோளைத் தொட்டு, "தோள்பட்டை எலும்பு இதானேம்மா?" என்றாள். அவள் விரல் முன்பக்கம், கழுத்தடிக் காறை எலும்பின் மேல் இருந்தது.

7. தாம் குலுக்கிய கையை ஆய்வுக் குழுத் தலைவர் ஒரே வாரத்தில் மறந்துவிட்டாரா, அல்லது மறக்கச் சொன்னார்களா? எனக்குத் தெரியவில்லை. ஆகையால் இந்த மனுவை அவர் பார்வைக்கு வைக்க வேண்டாம். விளக்கம் கேட்டுக் கல்லூரிக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பினால் விளக்கம் வருவதற்கு முன்பே சித்தப்பா பயணம் கிளம்பிவிடுவார்.

எனவே இரு வளாக ஆய்வகங்களையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், சொல்லாமல் வந்து திறந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வருபவர்கள் சித்தப்பாவோடு முன் அறிமுகம் இல்லாதவர்களாக இருக்கட்டும்.

நாள்: 14 ஜூலை
இடம்: என் வீடு (பதிலைக் கல்லூரிக்கு அனுப்பாமல், உறையில் உள்ள வீட்டு முகவரிக்கே அனுப்பவும்)

இப்படிக்கு,
(ஒப்பம்)
இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாய்