பதினெட்டுக் கிலோ அறக்குளா

டண்டினொங், மெல்பேண்,
14.07.2025

அன்பு மகன் றொகானுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் துணையால் இங்கே நானும் தங்கச்சி றொசானாவும் அவளுடைய மனுசனும் சுகம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். நீ போனில் அனுப்பிய செய்தி கிடைத்தது. இனிமேல் அப்படி எதையும் போனில் அனுப்பாதே. என்னுடைய போனையும் குசினியில் இருக்கிற ஐபாட்டையும் றொசானா ஒன்றாக்கி வைத்திருக்கிறாள், நீ அங்கே எழுதுவது இங்கே அவள் வெங்காயம் வெட்டுகிற இடத்தில் பெரிதாகத் தெரிகிறது. நல்ல காலம், அன்றைக்கு அவள் வேலைக்குப் போய்விட்டாள். நான் கண்ணாடியைத் தேடிப் போட்டு வாசித்து, அழிக்கத் தெரியாமல் கண்ட பட்டனையெல்லாம் அமத்தி, ஒருவழியாக அழித்து முடிக்கையில் வியர்த்துவிட்டது. அதனால்தான் இந்த வயதில் பேனையைத் தூக்கியிருக்கிறேன். இந்தக் கடிதமும் உன்னுடைய தீவின் அந்தத் தகரக்கொட்டில் எயார்போட்டுக்குத்தான் வந்திறங்கும், தபால் பையைத் தூக்குகிறவனும் நீதான்.

நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. போன வருடம் அப்பாவைப் பிளேனில் ஏற்றாமல் விட்டது யாருடைய வேலை என்று தங்கச்சிக்கு உள்ளதைச் சொல்லட்டுமா என்று. பதினொரு மாதமாக அவள் உன்னோடு பேசவில்லை, இனித் தாங்க ஏலாது என்று. பதிலைக் கடைசியில் எழுதுகிறேன், பொறுமையாக வாசி, உனக்கு அங்கே பிளேன் வருகிற நேரம் தவிர வேறு என்ன அவசரம்.

இங்கே குளிர் எலும்புக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. வலது முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது, றொசானாதான் வேலையால் வந்து எண்ணெய் போட்டு உருவிவிடுகிறாள், என்னைக் குளிக்க வார்ப்பதும் அவள்தான். முதியோர் இல்லத்தில் பகல் முழுக்க வெள்ளைக்காரக் கிழவிகளைக் குளிப்பாட்டிவிட்டு வீட்டில் ஒரு மன்னார்க் கிழவி. அவளுடைய மனுசன் அருந்தவனுக்கு பஸ் ஓட்டி ஓட்டி இடுப்பு விட்டுப்போச்சு, ஆனால் வாய் விடவில்லை. சந்திரவதனா அன்ரி சந்தை வாசலில் வழுக்கி விழுந்து கை முறிந்து கட்டோடு திரிகிறாள், போய்ப் பார்த்தேன், அந்தக் கையோடும் அவளுடைய மகனின் புது வீட்டில் எத்தனை குளியலறை என்று விரலை மடக்கி எண்ணிக் காட்டினாள். நீ உச்சி வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. உனக்கு நாற்பது வயதாகிறது, முன் மயிர் கொட்டிவிட்டது, இனி ஒருத்தி உன்னைப் பார்த்து மயங்கிவிடப் போவதில்லை, அதற்காக மண்டையைப் பழுதாக்க வேண்டியதில்லை.

உன்னிடம் வந்த அந்தப் பயணத்தை நான் நினைக்காத நாள் இல்லை. இங்கே துள்ளமரினில் ஏறும்போது எயார்போட் ஒரு ஊர் மாதிரி இருந்தது, அப்பா என்னைத் தொலைத்துவிடுவாரோ என்று கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கெய்ன்ஸில் அது ஒரு தெருவாகிப் போனது. அதற்கடுத்த தீவில் ஒரு வீடு. உன்னிடம் வந்து இறங்கினால் உட்கார ஒரு வாங்கு, ஒரு மின்விசிறி, தராசின் மேல் படுத்திருக்கிற ஒரு நாய். நாயைக் காலால் தள்ளிவிட்டு வந்தது மஞ்சள் சட்டை போட்ட என் மகன். உன்னை எஞ்சினியர் ஆக்க அப்பா பிஸ்கற் பக்டரியில் இருபத்தாறு வருடம் நின்றார், நீ பனங்கிழங்கு நிறுப்பது மாதிரி ஆட்களை நிறுக்கிறாய் என்று நினைத்தேன், சொல்லவும் செய்தேன். அப்பாதான் தராசில் ஏறி நின்று சிரித்தார். "அறுபத்துநாலு கிலோ, பார் யோசப்பின், என்ர பிள்ளை என்னைச் சரியா மதிச்சிருக்கிறான்" என்றார். உன் தொழிலில் அவர் ஒரு குறையும் காணவில்லை. அது எனக்கு எரிச்சலாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

இரண்டு கிழமை இருந்தோம். உன் அயலட்டை ஆட்கள் கொண்டுவந்து தந்த அறக்குளாவைக் கண்டதும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. நான் மன்னார்க்காரி, அப்படி ஒரு மீனைத் துண்டு போட்டுப் பொரித்துத் தின்றுவிட்டுப் போக மனம் வருமா. கீறி, உப்படித்து, உன்னுடைய கூரைத் தகரத்தில் காயப்போட்டு, காகத்துக்கும் மழைக்கும் காவல் இருந்து ஒரு பெட்டி கட்டினேன். பதினெட்டுக் கிலோ. அந்த ஞாயிற்றுக்கிழமை மடு மாதா திருநாள், இங்கே மண்டபத்தில் எல்லாருக்கும் கருவாட்டுக் குழம்பு என் கையால் என்று சந்திரவதனாவுக்கு முன்கூட்டியே போன் போட்டுப் பெருமை பேசியாகிவிட்டது. பெருமைதான், வேறொன்றும் இல்லை.

புறப்பட்ட வெள்ளிக்கிழமை நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், என் கையெழுத்தில் ஒரு தரமாவது இருக்கட்டும். ஒன்பது பேர் ஏறுகிற பிளேன். கடைசி நேரத்தில் கிளினிக்கில் இருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டுவந்தார்கள், அவளை விட ஏலாது. நீ பாரக்கணக்குத் தாளும் கையுமாக எங்கள் வாங்குக்கு வந்து குனிந்து சொன்னாய், "அம்மா, பதினேழு கிலோ கூடிப்போச்சு. ஒருத்தரும் நிக்கத் தேவையில்லை, மீன்பெட்டியை மட்டும் விடுங்கோ, நாளைக்கு நான் ஏத்தி விடுறன்" என்று. ஆளென்றால் அடுத்த நாள் பிளேனில் வந்து இரவைக்கே மெல்பேண் சேரலாம், பெட்டியென்றால் கெய்ன்ஸில் கிடந்து திங்கட்கிழமைதான் வரும், திருநாள் போய்விடும். நான் கணக்குப் பார்த்தேன். பெட்டி போகட்டும், அப்பா நாளைக்கு வரட்டும் என்றேன். நீ மாட்டேன் என்றாய். எல்லாரும் பார்க்க நான் சத்தம் போட்டேன், பெற்ற தாயின் பெட்டியைவிட உனக்கு வெள்ளைக்காரன்ரை தாள் பெரிதா என்றேன். அப்பாதான் எழும்பி, "விடன் றொகான், நான் நாளைக்கு வாறன். அவவோட ஆர் மல்லுக்கட்டுறது" என்றார். நீ பேனையை எடுத்து அவருடைய பெயரை வெட்டினாய். மூன்று பேரும் சேர்ந்துதான் வெட்டினோம், பேனை உன் கையில் இருந்தது.

துள்ளமரினில் றொசானா வந்து நின்று அப்பா எங்கே என்று கேட்டாள். மீன்பெட்டிக்காக மனுசனை விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "உன்ர அண்ணன் பாரம் கூடிப்போச்செண்டு இறக்கிப்போட்டான்" என்று சிரித்துக்கொண்டு சொன்னேன். ஒரு நாளைக்கான பொய் அது. மறுநாள் அப்பா வந்ததும் அவரே மாற்றிச் சொல்லிச் சிரிப்பார் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் அவர் உன்னுடைய வாங்கில் பையை மடியில் வைத்துக்கொண்டு பிளேன் இறங்குவதைப் பார்த்தபடி சரிந்துபோனார். நீ போன் எடுத்தபோது நான் குசினியில் அந்த மீனை வெட்டிக்கொண்டிருந்தேன், எடுத்தது றொசானா. அவள் உன்னைக் கேட்ட முதல் கேள்வி, "ஏன் அண்ணா அப்பாவை இறக்கினீங்கள்" என்பது. நீ ஒன்றும் சொல்லவில்லை. செத்தவீட்டிலும் சொல்லவில்லை. சனம் உன் முகத்துக்கு நேரே பெற்ற தகப்பனை நிறுத்துப் பார்த்தவன் என்று குசுகுசுத்தது, நீ கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றாய். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு அந்தக் கருவாட்டைத்தான் குழம்பு வைத்தேன், வீணாக்க மனம் வரவில்லை. சந்திரவதனா இரண்டாம் தரம் கேட்டு வாங்கினாள். நீ மட்டும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தாய். அன்றைக்கு உன்னை நான் வெறுத்தேன் மகன், உள்ளதைச் சொல்கிறேன். நீ வாயைத் திறந்து என்னை எல்லாருக்கும் முன்னால் ஏசியிருந்தால் அவ்வளவு வெறுத்திருக்க மாட்டேன்.

இப்போது உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்கிறாய். உன்னிடம் இருப்பது முழு உண்மை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். புறப்பட்ட அன்றைக்குக் காலையில் சப்பாத்துக் கயிறு கட்டும்போது அப்பா நிமிர்ந்து, "யோசப்பின், நெஞ்சுக்கை ஒரு மாதிரி அமத்துது, இடக்கையும் பாரமாக் கிடக்கு" என்றார். இராத்திரி நண்டை அந்த அள்ளு அள்ளினால் அமத்தாமல் என்ன செய்யும் என்றேன். றொகானுக்குச் சொல்லாதே, பயந்துபோவான் என்றார். நான் சொல்லவில்லை. தராசடியில் நீ என்னைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டு நின்றபோதும் அது எனக்கு ஞாபகம் இருந்தது. கிளினிக் ஐந்து நிமிட நடை. சொல்லியிருந்தால் பிளேனும் வேண்டாம் பெட்டியும் வேண்டாம் என்று நீ அவரை அங்கே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாய், என் மீன் வெயிலில் கிடந்திருக்கும். அதனால் சொல்லவில்லை. இதை நான் சுவாமியாரிடம்கூடச் சொல்லவில்லை, சொன்னால் அவர் பாவமன்னிப்புத் தந்து மூன்று செபம் சொல்லு என்று அனுப்பிவிடுவார். எனக்கு அது வேண்டாம். மன்னிக்காத ஒருவனிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது, அப்படி எனக்கு இருப்பது நீ ஒருவன்தான்.

ஆகையால் உன் கேள்விக்குப் பதில், சொல்லாதே. தங்கச்சிக்கு ஒரு அண்ணன் இல்லாமல் போனாலும் அவள் இருப்பாள், அவளுக்கு வீடு இருக்கிறது, மனுசன் இருக்கிறான். எனக்கு அவளுடைய வீட்டில் ஒரு அறையும் அவளுடைய இரண்டு கையும்தான் இருக்கின்றன. அந்தக் கை என் முழங்காலை உருவும்போது அவளுக்கு இது தெரிந்திருந்தால் எப்படி உருவும் என்று நினைத்துப் பார். உனக்குக் கடல் இருக்கிறது, நாய் இருக்கிறது, உன்னை அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. நீ அப்பாவைப் போல, மல்லுக்கட்டத் தெரியாதவன். அதுதான் உன்னுடைய பிழை, அதை நான் பெற்றதில் இருந்து பார்க்கிறேன், அதில்தான் நான் இருந்துகொண்டிருக்கிறேன். வாசித்ததும் இதைக் கிழித்து அடுப்பில் போடு.

ஓகஸ்ட் பதினேழாம் திகதி அப்பாவின் ஆண்டுத் திருப்பலி. வரட்டுமா என்று நீ கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பாய். நீ முன்னால் வந்து நின்றால் றொசானா என் முகத்தைப் பார்ப்பாள், என் முகம் நடிக்காது. மாதா உன்னை நோய்நொடி இல்லாமல் காக்கட்டும், கடலில் ஆழத்துக்குப் போகாதே, இரவில் வயிற்றைக் காயப்போடாதே. மறந்துவிடாதே, அன்றைய சாப்பாட்டுக்கு அறக்குளாக் கருவாடு வேண்டும், சந்திரவதனா இப்போதே கேட்டுவிட்டாள். உப்பைக் கஞ்சமாகப் போடாமல் காயவைத்து ஒரு கிழமை முன்னமே அனுப்பிவிடு. பாரம் கூடிப்போச்சென்றால் பெட்டியை ஏற்று, நீ நில்.

உன்னைப் பெற்ற அம்மா,
யோசப்பின் வலன்ரைன்