நோட்டீசில் வந்த பேர்

ரங்கூன்,
1924, தை மாதம்

அத்தானுக்கு,

நான் எழுதின நாடகம் நேற்று இங்கே அமோகமாக நடந்தது. ராஜபார்ட் மீசையோடு நான் வந்து நின்றதும் கைதட்டல் அடங்கவே இல்லை.

நோட்டீசையும் இதோடு வைத்திருக்கிறேன். கோபப்படாமல் படியுங்கள். இருபது வருஷமாக நான் எழுதினதெல்லாம் உங்கள் பேரில்தானே வந்தது? இந்த அச்சாபீஸ்காரருக்கு அம்மா பர்மாக்காரி. "எழுதினவர் பேரைச் சொல்லுங்கள்" என்றார். புருஷன் பேரை எப்படி வாய்விட்டுச் சொல்வேன்? "மலைமேல் தடியோடு நிற்பாரே, அந்தச் சாமி பேர்" என்றேன். "குன்றுமேல் இருக்கிற ஷ்வேடகோன் புத்தர் கோயில் காவல்காரரா?" என்று கேட்கிறார்! இந்த ஊரில் பெண்டாட்டிகள் புருஷனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். கடைசியில் அலுத்துப்போய், "சரி, உங்கள் பேரையாவது சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். அதையே அச்சுக் கோர்த்துவிட்டார்.

ஆட்டம் முடிந்ததும் சனங்கள், "எழுதின வாத்தியாரைக் கூப்பிடு" என்று கத்தினார்கள். நான் மீசையைப் பிய்த்துவிட்டுக் கும்பிட்டேன். கொட்டகையே அதிர்ந்தது, அத்தான்!

ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நாலு மணி நேர நாடகம் எழுதின கைக்கு அது தோன்றவில்லை. சனிக்கிழமை மறு ஆட்டம். அந்த நோட்டீசுக்கும் தோன்றாது.

இப்படிக்கு,
உங்கள் மாமன் மகள்