அக்காவின் வலது கால்

14 ஜூலை 2025, திங்கள்

சங்கராபுரம் பக்கம் தடுப்பூசி முகாம். முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போனேன். வலது பாதத்தில் துணி சுற்றியிருந்தாள். அவிழ்த்ததும் வாடை. கட்டைவிரல் கறுத்துப் போயிருந்தது.

"கரும்புக் கட்ட குத்திச்சி. ஆறிடும்" என்றாள்.

எத்தனை நாளாக? "ஒரு மாசம் இருக்கும்."

இருபத்தாறு வருடமாக நர்ஸ் நான்.

15 ஜூலை

கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். டாக்டருக்குச் சின்ன வயதுதான். "உங்க அம்மாங்களா?" என்று கேட்டார். அக்காவுக்கு அறுபத்தொன்று, எனக்கு ஐம்பத்தாறு. நான் வாய் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்: "ஆமா சாமி, நான் வளத்த பொண்ணுதான்."

சர்க்கரை நானூற்றுப் பதினெட்டு. கிட்னியும் பாதி போய்விட்டதாம்.

18 ஜூலை

மாற்றுப் புடவை எடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். ட்ரங்குப் பெட்டியில், புடவைக்கு அடியில், சர்க்கரை மாத்திரை அட்டைகள். மாதாமாதம் நான் கொடுத்தவை. பாதி பிரிக்கவே இல்லை.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் அவளிடம் கேட்டேன். "தீந்துபூட்டா இன்னா பண்றது அரசி? ஒருநாள் வுட்டு ஒருநாள் போட்டுக்கினு இருந்தேன்."

"சும்மா தர்ற மாத்திரைதானேக்கா அது!"

"இன்னிக்குத் தர்றாங்க. நாளைக்கு?"

ஊரெல்லாம் வாசல் வாசலாக நின்று 'மாத்திரை போட்டீங்களா' என்று கேட்கிறேன். இவளை ஒரு நாளாவது கேட்டேனா?

22 ஜூலை

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

27 ஜூலை, ஞாயிறு

அப்பா செத்தபோது அக்காவுக்குப் பதிமூன்று வயது. அடுத்த வாரமே கரும்பு வெட்டப் போனாள். கட்டுக்கட்டாகத் தலையில் சுமந்து லாரியில் ஏற்றுவாள். நான் படித்தது அதில்தான். கலியாணத்துக்குப் பிறகும் ஓயவில்லை. மாமா போனபின் இன்னும் ஜாஸ்தி.

எனக்கு வேலை கிடைத்த அன்றே எங்கள் கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்தேன். யாருக்குத் தீர்ந்தது? 'நல்லா இருக்கியாக்கா'ன்னு கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவா — அத்தப் போயி நம்பிக்கினு இருந்தேனே, பாவி!

10 ஆகஸ்ட், ஞாயிறு

என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். கட்டிலில் படுக்க மாட்டாளாம், தரையே போதுமாம். "ஒனக்குப் பாரமா பூட்டேன்" என்றாள். கத்திவிட்டேன். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

மாத்திரையை என் கையாலேயே கொடுக்கிறேன். விழுங்கும்வரை நகர்வதில்லை.

12 டிசம்பர், வெள்ளி

இன்று செயற்கைக் கால் மாட்டினார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டு அடி நடந்தாள். வேர்த்துக் கொட்டியது. கிட்னி இன்னும் மோசமாகியிருக்கிறது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

திரும்பும்போது கடைத்தெருவில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். "செருப்பு வாங்கணும்டி. ரெண்டு காலுக்கும்."

கடைக்காரர் கறுப்பில் மெத்தென்று ஒரு ஜோடி எடுத்துக் காட்டினார். அக்கா தடவிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"செவப்பு இருக்குதாங்க?"