அம்பாசிடர் கொதிக்கிறது

ஏற்காடு
12 ஜனவரி 2024

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். கன்னியர் மடத்தில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? குளிருக்குப் போர்வை போதுமா?

நம் பழைய அம்பாசிடர் மறுபடியும் கொதிக்கிறது. சேலத்துக்கு இறங்கும்போது ஒன்றுமில்லை. ஏறும்போது பாதி மலையிலேயே சூடு காட்டும் ஊசி சிவப்புக்குப் போய்விடுகிறது. நேற்று ஒரு வளைவில் பானெட்டைத் திறந்துபோட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவள் வாங்கிய வாழைப்பழத்தைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

மெக்கானிக் மாதேஷ் ரேடியேட்டரைக் கழுவி, ஃபேன் பெல்ட்டும் மாற்றினான். "ஏனுங்கண்ணா, இதை நம்ம ஜெசிந்தா கண்ணுதான் பார்க்கோணும். சத்தத்தைக் கேட்டாலே சொல்லிப்போடுமே!" என்கிறான்.

மதரிடம் கேட்டு ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போயேன்.

அப்பா
ஸ்தனிஸ்லாஸ்


24 ஜனவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

குரங்குக் கதையைப் படித்துச் சிரித்தேன். கடைசி வரியில் அழுதுவிட்டேன். உள்ளே வந்தவர்கள் வெளியே போகும் மடம் இல்லை இது. போன்கூடக் கிடையாது. தெரிந்தும் கேட்கிறீர்களே.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சூட்டில் அதன் வால்வு திறக்காவிட்டால் மாற்றிவிடுங்கள்.

ஏப்ரல் எட்டாம் தேதி பூசையில் எனக்கு இறுதி வார்த்தைப்பாடு, எல்லார் முன்னாலும் துறவு உறுதிமொழி சொல்வேன். அதன்பிறகு ஆயுளுக்கும் இதுதான் என் வீடு. இருவரும் வரவேண்டும். வண்டி ஓடாவிட்டால் பஸ்ஸில் வாருங்கள்.

உங்கள்
ஜெசிந்தா


ஏற்காடு
19 பிப்ரவரி 2024

அன்பு மகளுக்கு,

தெர்மோஸ்டாட் மாற்றியாயிற்று. இன்னும் கொதிக்கிறது. பஸ்ஸில் எனக்குத் தலை சுற்றும், உனக்குத் தெரியும். வண்டி சரியானால் வருகிறேன்.

உன் ஸ்பானர் பெட்டியை நான் தொடவில்லை. மாதேஷ் கேட்டும் கொடுக்கவில்லை. நீ மடத்துக்குக் கிளம்பிய அன்று வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் நின்றேன். இன்றைக்கும் வரவில்லை, பார்.

அப்பா


5 மார்ச் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் குமிழி நிற்காமல் வந்தால் எஞ்சின் தலைமூடிக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. ஹெட்டை லேத் பட்டறையில் கொடுத்து மட்டம் செய்து, புது கேஸ்கெட் போடச் சொல்லுங்கள். இதற்குமேல் இங்கிருந்து என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

நீங்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் நான் வந்திருப்பேன், அப்பா. அதை நினைத்து உங்களை நோகடித்துக்கொள்ளாதீர்கள். ஏப்ரல் எட்டாம் தேதி மட்டும் வந்துவிடுங்கள்.

ஜெசிந்தா


ஏற்காடு
8 ஏப்ரல் 2024

கண்ணு,

நீ சொன்னதுதான். குமிழி வந்தது. ஹெட்டைக் கழற்றி, கேஸ்கெட் மாற்றி, போன வாரமே வண்டி சரியாகிவிட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் நேற்றே பஸ்ஸில் கிளம்பிவிட்டாள்.

இன்று காலை வெள்ளை வேட்டி கட்டி, வண்டியை எடுத்தேன். அடிவாரம்வரை வந்துவிட்டேன். அங்கே ஓரம்கட்டி நிறுத்தினவன், கதவைக்கூடத் திறக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. பூசை ஆரம்பித்திருக்கும் என்று தெரிந்தது. ஆயுளுக்கும் வரமாட்டேன் என்று நீ உன் வாயால் சொல்வதைக் கேட்க என்னால் ஆகாது, சாமி. திருப்பிவிட்டேன்.

இந்த வளைவில் கொதிக்கும், அந்த வளைவில் கொதிக்கும், நிறுத்திவிட்டு உட்காரலாம் என்று ஊசியையே பார்த்துக்கொண்டு வந்தேன். அது பாதியைத் தாண்டவே இல்லை. வண்டி எங்கேயும் நிற்காமல் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டது.

அப்பா